கடலை உள்ளபடியே வரைவதில் என்ன இருக்கிறது?

உப்புக்காற்று: பிரெஞ்சு ஓவியர் குர்பே 1869-இல் பிரான்ஸின் எத்ரதா கடற்கரையில் தங்கி வரைந்த அலை ஓவியங்களை இன்று வரிசையாகப் பார்த்தேன். கப்பல் இல்லை, ஆள் இல்லை, அஸ்தமனம் இல்லை. வெறும் அலை, மேகம். கண்ணை எடுக்க முடியவில்லை.

கறுப்புமை: பாரிஸ் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கும் அவருடைய 'புயல் கடல்' (1870) படத்தில் கரையில் இரண்டு படகு நிற்கிறதே? அது போகட்டும். செல்போன் நொடியில் எடுப்பதை மாதக்கணக்கில் வரைவது உழைப்புதான், கலையா?

உப்புக்காற்று: படகு விஷயம் சரி, எல்லாவற்றிலும் இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் போட்டோ மட்டும் உள்ளதை உள்ளபடி காட்டுகிறதா? 1850-களில் பிரெஞ்சுப் புகைப்படக்காரர் லெ கிரே கடலைப் படமெடுத்தபோது, தண்ணீர் படத்தில் சரியாகப் பதிந்தால் வானம் வெளிறிப்போகும். அதனால் சில படங்களில் வானத்துக்கு ஒரு நெகட்டிவ், கடலுக்கு ஒன்று என்று இரண்டைச் சேர்த்துத்தான் அச்சிட்டார்.

கறுப்புமை: ஆக, இருவருமே ஜோடிக்கிறார்கள். அப்படியென்றால் ரஷ்யக் கடல் ஓவியர் ஐவாசோவ்ஸ்கி மாதிரி துணிந்து ஜோடிக்கலாமே! 'ஒன்பதாம் அலை' (1850) பாருங்கள். உடைந்த பாய்மரத்தைப் பற்றிக்கொண்டு சில உயிர்கள், பின்னால் பொன்வெளிச்சம். சும்மா கிடக்கும் கடலை யார் பார்ப்பார்?

தூரிகைக்காரி: நான் பார்ப்பேன், வரைகிறவள் என்பதால். அலை எழும்போது உச்சி மெலிகிறது. பின்னாலிருந்து வெளிச்சம் ஊடுருவி அங்கே மட்டும் பச்சை தெரியும். அடியில் கருநீலம். நுரைதானே என்று வெள்ளையை அப்பினால் சுண்ணாம்பு மாதிரி நிற்கும். நிழல்பக்க நுரை சாம்பலும் ஊதாவும். இது புரிவதற்குள் நான்கு கான்வாஸ் பாழ். வெயிலில்லாத நாள் இன்னும் மோசம்: முதலில் எல்லாம் ஒரே சாம்பல், அரைமணி நேரம் உட்கார்ந்தால் பட்டைக்குப் பட்டை வேறு. ஓடும் தண்ணீர் போஸ் கொடுக்காது. ஐவாசோவ்ஸ்கி மட்டுமல்ல, எல்லோருமே பாதி நினைவிலிருந்துதான் வரைகிறோம். ஐம்பது அலை பார்த்து ஒரு அலை.

கறுப்புமை: அப்போது அது நகல் இல்லை, என் கட்சிக்கு வந்துவிட்டீர்கள். குர்பே கத்தியால் வண்ணத்தை அப்பியதுதான் எனக்குப் பிடிக்கும். அது கடல் மாதிரியே இல்லை, சாந்து மாதிரி இருக்கிறது!

தூரிகைக்காரி: எவ்வளவு தூரத்திலிருந்து பார்த்தீர்கள்? கிட்டே சாந்துதான். பத்தடி தள்ளி நின்றால் தண்ணீரின் கனம் தெரியும்.

கறுப்புமை: திரையில் பெரிதாக்கித்தான் பார்த்தேன்.

உப்புக்காற்று: அதானே பார்த்தேன்.