மோட்டார் ரிப்பேருக்கும் ஜெபிக்கலாமா?

ஸ்தோத்திரம், சகோதர சகோதரிகளே. ஒரு உதவி வேண்டும். எங்கள் வீட்டு மோட்டார் கெட்டு நான்கு நாளாகிறது. ரிப்பேர் பண்ணச் சம்பளம் வர வேண்டும். இதற்கு ஜெபித்தேன். "ஊரில் எத்தனை பேருக்கு வியாதி, நீ மோட்டாருக்கு ஜெபிக்கிறாயே" என்று அத்தை சிரிக்கிறார்.

எனக்கு வேதாகமத்தில் 2 இராஜாக்கள் 6-ஆம் அதிகாரம்தான் நினைவுக்கு வருகிறது. யோர்தானில் விழுந்தது ஒரு கோடரி, அதுவும் இரவல். அதற்கே எலிசா தீர்க்கதரிசி ஒரு மரக்கொம்பை வெட்டி எறிந்து இரும்பை மிதக்கப் பண்ணினார். கானாவூர் கல்யாணத்தில் குறைவுபட்டதும் திராட்சரசம்தானே, அதற்கும் இயேசு தண்ணீரைத் திராட்சரசமாக்கினாரே!

அடுத்த வாரம் பெண்கள் கூடுகையில் இதைப் பற்றி நான் பேச வேண்டும் (வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்). இதுபோன்ற வேத பகுதிகள் வேறு தெரிந்தால் எழுதுங்கள். அப்புறம், இப்படி ஜெபித்தும் பதில் வராத அனுபவம் இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.