ஹாம் நெட்டில் அரசியல் பேச்சு: எப்படி நிறுத்துகிறீர்கள்?

காலை_நெட்:
தேர்தல் நெருங்கினாலே 40 மீட்டர் அலைப்பட்டையின் காலை நெட்களில் (ஹாம் எனப்படும் அமெச்சூர் வானொலிக்காரர்கள் முறைவைத்துப் பேசும் கூட்டங்களில்) ஆன்டெனா பேச்சு குறைந்து கூட்டணிப் பேச்சு ஏறிவிடுகிறது. நெட் கண்ட்ரோல் பார்ப்பவர்கள் (யார் எப்போது பேசுவது என்று நடத்துபவர்கள்) என்ன செய்கிறீர்கள்? பலித்தது, பலிக்காதது இரண்டையும் எழுதுங்கள்.

டைபோல்:
முதலில் விதி. அரசியல், தொழில் தகராறு பற்றிய கருத்துகளை ஒலிபரப்பக் கூடாது என்று 1978 இந்திய அமெச்சூர் சேவை விதிகளே சொல்கின்றன. செய்தி, விளம்பரம், வியாபாரத் தகவல் எல்லாம் அதே தடையில் வருபவை. பலர் கோட்டை விடுவது 'செய்தி'யில்தான். வாக்கு எண்ணும் நாளில் "எங்க தொகுதியில இவர் முன்னிலை" என்று ஒருவர் சொன்னால் அதில் கருத்தே இல்லை, ஆனாலும் அது செய்தி. ஹாம் உரிமத் தேர்வுக்கு எல்லோரும் படித்த விஷயம்தான் என்பதால் "எனக்குப் பிடிக்கவில்லை, விட்டுடுங்க" என்று கெஞ்ச வேண்டாம். "விதிப்படி இது கூடாது ஓஎம்" என்றாலே போதும் (ஓஎம் என்பது ஹாம்கள் ஒருவரையொருவர் அழைக்கும் சொல்).

அடுத்து, கேள்வியை மாற்றுங்கள். "என்ன சார் விசேஷம்?" என்று கேட்டால் அன்றைய பேப்பர்தான் பதிலாக வரும். "சிக்னல் ரிப்போர்ட், ஆன்டெனா உயரம், எஸ்.டபிள்யூ.ஆர். சொல்லுங்க" என்று கேட்டுப் பாருங்கள் (எஸ்.டபிள்யூ.ஆர். என்பது ஆன்டெனா எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டும் அளவு). ஓவருக்கு 2 நிமிடம். ஓவர் என்பது ஒருவர் ஒருமுறை பேசுவது. 15 ஸ்டேஷன் என்றால் இடைப்பேச்சோடு சேர்த்து 40 நிமிடத்தில் முடிந்துவிடும்.

மார்ஸ்_சாவி:
ஒருவர் பி.டி.டி.யை (பேசுவதற்கான பொத்தானை) அழுத்திவிட்டால் கையை விடும்வரை அவர் காதில் எதுவும் விழாது. நேரில் பேசும்போது கையமர்த்துவதுபோல இங்கே முடியாது. அதனால் அவர் விட்ட அடுத்த நொடிதான் நமக்குக் கிடைப்பது. "நன்றி ஓஎம், ரேடியோவுக்கு வருவோம். அடுத்து..." என்று சொன்ன மூச்சிலேயே அடுத்த கால் சைனைக் (ஸ்டேஷனின் அடையாளக் குறியைக்) கூப்பிட வேண்டும். இரண்டு நொடி வெற்றிடம் விட்டால் எதிர்க்கட்சிக்காரர் உள்ளே வந்துவிடுவார். அப்புறம் ரெண்டு பேர் ஒரே நேரத்தில் பேசி யாருக்கும் எதுவும் புரியாது.

சொன்ன கருத்துக்குப் பாதி வாக்கியம்கூடப் பதில் தராதீர்கள். "ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு" என்பதும் பதில்தான். அதைக் கேட்டால் இரண்டு பக்கமும் விளக்கம் சொல்ல வரும்.

லைன்_பில்டர்:
"வேணும்னா 5 கிலோஹெர்ட்ஸ் கீழே போய்ப் பேசிக்குங்க" என்று அனுப்புவது பல நெட்களில் வழக்கம். குறுக்கீட்டைத் தவிர்க்க அது போதும்தான், எஸ்.எஸ்.பி. (இந்த நெட்களில் பேசப் பயன்படும் ஒலிபரப்பு முறை) சிக்னல் 3 கிலோஹெர்ட்ஸுக்குள் அடங்கிவிடும். ஆனால் தடை ஒலிபரப்புக்கு. எந்த அலைவரிசைக்குப் போனாலும் தடை கூடவே வரும். அரசியல் விவாதத்துக்கு க்யூ.எஸ்.ஒய். கொடுப்பது (வேறு அலைவரிசைக்கு மாறச் சொல்வது) தவறு, அதை போனில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

மலை_ரிப்பீட்டர்:
2 மீட்டர் ரிப்பீட்டரில் (சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் நிலையத்தில்) டைம்-அவுட் டைமரை (ஒருவர் பேச்சு நீண்டால் தானாகத் துண்டிப்பதை) 3 நிமிடத்திலிருந்து 1 நிமிடமாகக் குறைத்தால் சரியாகிவிடும் என்று சிலர் யோசனை சொல்வார்கள். ஆகாது. சண்டை ஒரு நிமிடத் துண்டுகளாக நடக்கும், அவ்வளவுதான். அவசரத் தகவலை நிதானமாக எழுத்து எழுத்தாகச் சொல்பவர்தான் பாதியில் அறுபடுவார். ரிப்பீட்டரையே அணைப்பது அதைவிட மோசம், அந்தப் பத்து நிமிடத்தில் ஒருவருக்கு உதவி தேவைப்படலாம்.

பேசுபவர் மேல் கேரியர் (பேச்சில்லாத வெறும் சிக்னல்) போட்டு அமுக்குகிறவர்களும் உண்டு. வேண்டுமென்றே குறுக்கிடுவது தனிக் குற்றம். நேரம், அலைவரிசை, கால் சைன் மூன்றையும் லாக்கில் குறியுங்கள், நெட் முடிந்ததும் அந்த நபரிடம் தனியாகப் பேசுங்கள். எல்லோர் முன்னாலும் கண்டித்தால் அவரோடு சேர்த்து அவருடைய நண்பர்களையும் இழப்போம்.

பேட்டரி_12வோல்ட்:
பேரிடர் நெட்டில்தான் இது உண்மையிலேயே வலிக்கும். 2004 சுனாமிக்குப் பிறகு போர்ட் பிளேரில் இருந்த ஹாம் பாரதி பிரசாத் குழுவினர் தீவுகளுக்கும் நிலப்பகுதிக்கும் இடையே நலம் விசாரிப்புகளைக் கடத்தினார்கள். அந்த மாதிரி நேரத்தில் ஒரு ஓவர் வீணானால் ஒரு குடும்பத்தின் தகவல் வரிசையில் நிற்கும்.

2015 சென்னை வெள்ளத்தை வைத்துக் கோட்டைப் பிரிக்கலாம். "செம்பரம்பாக்கத்தில் திறப்பு கூடியிருக்கிறது, அடையாறு கரையில் இருப்பவர்கள் வெளியேறுங்கள்" என்பது தகவல். "ஏன் முன்னாடியே திறக்கலை, யார் பொறுப்பு" என்பது அரசியல். கேள்வி நியாயமானதாகவே இருக்கலாம், அதற்கு வேறு இடம் உண்டு. நெட் கண்ட்ரோல் இப்படிக் கேட்டால் போதும்: "இதை யாருக்குக் கடத்தணும் ஓஎம்?" பெறுநர் இல்லாத செய்தி அங்கேயே நின்றுவிடும்.

பாக்_நீரிணை:
4எஸ்7 (இலங்கை) ஸ்டேஷன் ஒன்று தமிழில் செக்-இன் செய்தால் (நெட்டில் சேர்ந்தால்) நம் பக்கம் சந்தோஷம் பொங்கும். மூன்றாவது ஓவரில் கச்சத்தீவு, மீனவர் பிரச்சினை என்று யாராவது ஆரம்பிப்பார்கள். கேட்பவருக்கு அது அக்கறைதான். பதில் சொல்ல வேண்டியவர் வேறொரு நாட்டின் உரிமத்தில் பேசுகிறார் என்பதை மறந்துவிடுகிறோம். நம் பட்டையில் மறைகுறியீடு கிடையாது, ரிசீவர் வைத்திருக்கும் எவரும் கேட்கலாம். அவர் மௌனமானால் வற்புறுத்தாதீர்கள். மழை எப்படி, எத்தனை வாட், என்ன ஆன்டெனா என்று கேளுங்கள்.

வணக்கமும் 73-ம் (ஹாம் வழக்கில் வாழ்த்து) போதும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கட்சி முழக்கத்தோடு செக்-இன் செய்தால் அடுத்தவர் மாற்று முழக்கத்தோடுதான் வருவார்.

காலை_நெட்:
எல்லோருக்கும் நன்றி. நாளை முதல் நெட் தொடக்கத்தில் இதைப் படிக்கிறேன், திருத்தம் இருந்தால் சொல்லுங்கள்: "வணக்கம். கூப்பிட்ட ஸ்டேஷன் மட்டும் பேசவும். ஓவருக்கு 2 நிமிடம். ரிப்போர்ட், ஆன்டெனா, இன்றைய தொழில்நுட்பக் கேள்வி. விதிப்படி அரசியலும் செய்தியும் கூடாது. அவசரம் இருப்பவர்கள் எப்போது வேண்டுமானாலும் பிரேக் சொல்லி இடைமறிக்கலாம். இப்போது அவசரத் தகவல் யாரிடமாவது இருக்கிறதா?"

டைபோல்:
கடைசி வரியை முதல் வரியாக மாற்றுங்கள் சார். படித்ததும் 5 நொடி காத்திருந்து கேளுங்கள்.