ஹில் ஸ்ட்ரீட் பழைய காவல் நிலையம்: வானவில் ஜன்னல்கள் மரபைக் கெடுக்கின்றனவா?

அல்சூர்வாசி:
பெங்களூருவில் கட்டடக்கலை பயிலும் என் மகள், சிங்கப்பூரின் ஹில் ஸ்ட்ரீட்டில் 1934இல் கட்டப்பட்ட ஆறு மாடிக் காவல் நிலையத்தைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறாள். இன்று அது அரசு அலுவலகம். 1998இல் தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது. அதன் 927 ஜன்னல்களுக்கும் பிற்காலத்தில் வானவில் நிறங்களைப் பூசியிருப்பது முறையா? ஒரு காவல் நிலையத்துக்கு இத்தனை ஜன்னல்கள் எதற்கு?

சாரமரம்:
இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குவது நல்லது. அது வெறும் காவல் நிலையமன்று; காவலர்கள் தங்கும் குடியிருப்பும் அதற்குள்ளேயே இருந்தது. நிலநடுக்கோட்டுப் புழுக்கத்தில், குளிர்சாதன வசதி பரவலாகாத காலத்தில், ஒருபுறம் தெருவையும் மறுபுறம் முற்றத்தையும் பார்த்த கட்டடம் குறுக்குக் காற்றை நம்பியே நின்றது. சாய்வுப் பட்டைகள் வைத்த ஜன்னல் கதவுகளைச் சாத்தினாலும் காற்று வரும், வெயிலும் சாரலும் வராது. மற்றபடி வளைவுத் தாழ்வாரங்கள், தரைத்தளத்தில் கல் அடுக்கியதுபோல் ஆழக் கீறிய கோடுகள் என யாவும் பண்டைய கிரேக்க, ரோமானியக் கட்டடங்களைப் பின்பற்றும் நவசெவ்வியல் பாணி. பொதுப்பணித் துறையின் தலைமைக் கட்டடக் கலைஞர் ஃபிராங்க் டாரிங்டன் வார்ட் வடிவமைத்தது. 1939இல் முடிந்த சிங்கப்பூரின் பழைய உச்ச நீதிமன்றமும் அவருடையதே.

ஜெயநகர் மேஸ்திரி:
நிறத்தைப் பற்றி நான் அலட்டிக்கொள்ள மாட்டேன். 1868இல் முடிந்த நம் ஊர் அத்தாரா கச்சேரியின், அதாவது கர்நாடக உயர் நீதிமன்றக் கட்டடத்தின், சிவப்பும் பூச்சுதான். வேண்டாமென்றால் அடுத்த முறை மாற்றிவிடலாம். என் வருத்தமெல்லாம், புதுப்பித்தபோது முற்றத்துக்குக் கண்ணாடிக் கூரை போட்டு மூடியதில்தான். திறந்த முற்றம் இல்லையென்றால் அந்த ஜன்னல்கள் பழைய வேலையைச் செய்ய முடியாது. முகப்பு அழகாக இருக்கும், அவ்வளவுதான். பழைய கட்டடத்துக்குப் புதுப் பயன்பாடு வேண்டும் என்பதை மறுக்கவில்லை, ஆனால் மாற்ற முடிகிறதையும் மாற்ற முடியாததையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது.

அல்சூர்வாசி:
மிக்க நன்றி, ஐயா. முற்றத்தை அவள் கவனிக்கவே இல்லை. முகப்புப் படங்களை மட்டுமே திரட்டி வைத்திருந்தாள்.

சாரமரம்:
முகப்பை விட்டுவிட்டு, கட்டடத்தை நெடுக்காக வெட்டி உள்ளே பார்ப்பதுபோன்ற குறுக்குவெட்டுப் படம் வரையச் சொல்லுங்கள். காற்று எங்கே நுழைந்து எங்கே வெளியேறியது என்பது அதில்தான் தெரியும். ஒப்பிட, நம் ஊர்ப் பழைய பங்களாக்களில் ஜன்னலுக்கு மேலே மரச்சட்டங்களால் கூம்பாக இறக்கிய 'மங்கி டாப்' ஒன்றையும் அளந்துகொள்ளலாம். அத்தகைய வீடுகள் இடிபட்டுக்கொண்டே இருப்பதால் இந்த மாதமே போய் அளப்பது நல்லது.