‘பாஸ்டு அவுட்’ என்றால் படிப்பு முடிந்ததா, மயக்கம் போட்டதா?

வெண்ணாற்றங்கரை:
தம்பி மகன் மன்னார்குடியில் பி.காம். முடித்தவன். போன வாரம் லண்டன் கம்பெனி ஒன்றுக்கு வீடியோவில் இன்டர்வியூ. திண்ணையில்தான் சிக்னல் கிடைக்கும் என்று அங்கே உட்கார்ந்து, “ஐ பாஸ்டு அவுட் இன் 2022” என்றான். எதிரில் இருந்த அம்மாள் ஒரு நொடி விழித்துவிட்டு, “அடடா, இப்போது தேவலையா?” என்று கேட்டிருக்கிறார். வேலை கிடைத்துவிட்டது, அது வேறு. அவன் சொன்னது தப்பா?

குடந்தை வாத்தியார்:
தப்புதான். பாஸ் அவுட் என்றால் மயங்கி விழுவது. முப்பது வருஷமாகக் கரும்பலகையில் எழுதிப் போடுகிறேன், கேட்க ஆளில்லை. கிராஜுவேட்டட் என்று சொன்னால் போதும். பிளஸ் டூவுக்கு ஃபினிஷ்டு.

மேலவீதி:
பாதிதான் சொல்கிறீர்கள் சார். பரங்கிமலை ஆஃபீசர்ஸ் டிரெய்னிங் அகாடமியில் பயிற்சி முடிகிற அன்று நடப்பது பாஸிங் அவுட் பரேடு. அங்கே யார் மயங்கி விழுகிறார்கள்? இங்கிலாந்திலும் ராணுவப் பயிற்சி முடித்தவர்களுக்கு இதே சொல்தான். அதை நாம் காலேஜ் வரைக்கும் நீட்டிக்கொண்டோம், அவ்வளவுதான்.

குடந்தை வாத்தியார்:
ராணுவத்தை ஒப்புக்கொள்கிறேன். பி.காம். படித்தவன் துப்பாக்கியா தூக்கினான்? இங்கிலீஷ்தானே என்று விடவும் முடியாது. எங்கள் ஊர் காலேஜில் ராமானுஜனே கணக்கைத் தவிர மற்றதில் கோட்டை விட்டு உதவித்தொகையை இழந்தார்.

நீடாமங்கலம்:
நோட்டீஸ் விநியோகிப்பதும் பாஸ் அவுட்தான். அதற்கு மட்டும் “பாஸ் தெம் அவுட்” என்று நடுவில் ஆளை நுழைக்கலாம். மயக்கத்தில் நுழைக்க இடமில்லை.

குறுவை:
தமிழில் மட்டும் என்னவாம்? பரீட்சையில் தேறினான் என்போம், காய்ச்சலில் கிடந்து தேறினான் என்றும் சொல்வோம். நம்மவன் தேறினால் எழுந்து உட்காருவான். வெள்ளைக்காரன் பாஸ் அவுட் ஆனால் முகத்தில் தண்ணீர் தெளிக்கணும்.

மேலவீதி:
அதேதான்! “இந்த வருஷம் பாஸ்டு அவுட் ஆனவர்கள் மட்டும் வரவும்” என்று நம் ஊர் கம்பெனிகளே விளம்பரம் போடுகின்றன. படித்துவிட்டு யாரும் ஆஸ்பத்திரிக்கு ஓடுவதில்லை.

குடந்தை வாத்தியார்:
திருச்சியில் பேசினால் சரி. லண்டன்காரரிடம் அவருக்குத் தெரிந்ததைத்தான் பேசணும்.

வெண்ணாற்றங்கரை:
வேலைக்குச் சேருகிற படிவத்தில் பையன் கிராஜுவேட்டட் என்று மாற்றிவிட்டான். அவன் பாட்டிதான் தெருவெல்லாம், “லண்டன்காரம்மா எடுத்த எடுப்பிலேயே உடம்பை விசாரிச்சாங்க, என்ன மரியாதை!” என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.