மறுமொழி: மூலநிரலிலிருந்து இயங்குதளத்தை உருவாக்கும்போது எழுதும் தெரிவுகளுக்கு என்ன சொல்?

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளத்தை மூலநிரலிலிருந்து உருவாக்குவது பற்றிய தமிழ் வழிகாட்டியில் "பில்டு ஆப்ஷன்" (எதைச் சேர்த்து, எதை விட்டு உருவாக்குவது என்று எழுதிவைப்பது) என்பதை எப்படி எழுதுவது என்ற இந்த இழையில் இதுவரை மூன்று சொற்கள் வந்துள்ளன: "தொகுப்பு அமைப்புகள்", "கட்டமைப்பு விருப்பங்கள்", "உள்ளமைவுத் தேர்வுகள்". அந்த இயங்குதளம் நடைமுறையில் செய்வதோடு ஒப்பிட்டுப் பார்த்தேன்; மூன்றுமே போதவில்லை. "ஆக்கத்தெரிவு" என்ற சொல்லை முன்மொழிகிறேன். ஒரே சொல்லுக்குள் நாம் அடைக்கப் பார்ப்பவை வெவ்வேறு பொருள்கள் என்பதால், காரணங்களைச் சற்று விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

> கம்பைல் என்பதற்குத் "தொகு" வழக்கில் வந்துவிட்டது. பில்டையும் அதிலேயே அடக்கிவிடலாமே?

அடக்கக்கூடாது என்பதே என் கருத்து. "பில்டுவேர்ல்டு" என்ற கட்டளையைக் கொடுத்ததும் அது முதலில் தன் வேலைக்கு வேண்டிய கருவிகளையே உருவாக்கிக்கொள்கிறது. அதன் பிறகுதான் நிரலகங்களும் (லைப்ரரிகளும்) பயனர் நிரல்களும் கையேட்டுப் பக்கங்களும் உருவாகின்றன. கம்பைல், அதாவது சி மொழிக் கோப்பைப் பொறிமொழிக்கு மாற்றுவது, இந்த நெடும் வேலையில் பலமுறை நிகழும் ஒரு படி, அவ்வளவே. விளைந்த கோப்புகள் எல்லாம் யுஎஸ்ஆர் அடைவுக்குள் உள்ள ஓபிஜே அடைவில் தங்குகின்றன. கெர்னல் எனப்படும் கருநிரலை நிறுவும் "இன்ஸ்டால்கெர்னல்", மற்றவற்றை நிறுவும் "இன்ஸ்டால்வேர்ல்டு" என்ற கட்டளைகளைத் தனியே கொடுக்கும்வரை ஓடிக்கொண்டிருக்கும் இயங்குதளத்தில் எதுவும் மாறுவதில்லை. ஆகவே தொகுத்தல், ஆக்குதல், நிறுவுதல் ஆகிய மூன்றும் தனித்தனி வினைகள். வழிகாட்டியைப் படிப்பவர் தான் எந்தக் கட்டத்தில் நிற்கிறார் என்பதைச் சொல்லே காட்டிக்கொடுக்க வேண்டும். "தொகு" என்பது தமிழ் விக்கிப்பீடியாவில் கட்டுரையைத் திருத்துவதற்கான பொத்தானாகவும் இருப்பதால், அதன் மேல் இன்னொரு பொருளையும் ஏற்றுவது நல்லதன்று.

"கட்டமைப்பு" என்பதிலும் இதே சிக்கல் உண்டு. சாலை, மின்சாரம், துறைமுகம் என்று செய்தித்தாள் வாசகர் மனத்தில் அச்சொல் ஏற்கெனவே இடம்பிடித்துவிட்டது. "கட்டமைப்பு அமைப்புகளை அமைத்தல்" என்று ஒரு தலைப்பு எழுதிப் பாருங்கள். "அமை" என்ற வேர் மும்முறை வந்து, எது பெயர், எது வினை என்பதே புரியாமல் போகிறது.

"ஆக்கு" என்பதில் அந்தத் தொல்லை இல்லை. அரிசியைச் சோறாக்குவதைப் பல ஊர்களில் இன்றும் "ஆக்குதல்" என்றே சொல்கிறோம். மூலப்பொருள் வேறொரு பயன்பொருளாக மாறும் முழுவேலையையும் அந்த வினை குறிக்கிறது, இங்கும் நமக்கு வேண்டியது அதுதான். "மூலநிரலிலிருந்து ஆக்குதல்" என்று எழுதினால் விளக்கம் தேவைப்படாது. நூலின் முகப்பில் "ஆக்கம்" என்று படைப்பாளியைக் குறிக்கும் வழக்கு இருப்பதை அறிவேன். ஆனால் அந்த இடமும் இந்த இடமும் ஒருபோதும் எதிர்ப்படப் போவதில்லை.

> ஆப்ஷன் என்றால் "விருப்பம்" அல்லது "தேர்வு" என்பதுதானே இயல்பு? செயலிகளின் பட்டிகளில் எல்லாம் அப்படித்தான் இருக்கிறது.

இந்தக் கேள்விக்குத்தான் விரிவான பதில் தேவை. "எஸ்ஆர்சி.கான்ஃப்" என்ற கோப்பை எடுத்துக்கொள்வோம். ஃப்ரீபிஎஸ்டி 7.0 பதிப்பில் அறிமுகமான இந்தக் கோப்பு, இயங்குதளத்தின் மூலநிரலை ஆக்கும்போது மட்டும் படிக்கப்படுகிறது, அதற்கு முன்பிருந்தே உள்ள "மேக்.கான்ஃப்" கோப்போ, போர்ட்ஸ் எனும் கூடுதல் மென்பொருள் திரட்டின் வழியாக ஆக்கும் மென்பொருள்கள் உட்பட, ஆக்க வேலையை நடத்தும் மேக் என்ற கருவி ஓடும் எல்லா இடங்களிலும் செல்லுபடியாகும். எஸ்ஆர்சி.கான்ஃப் கோப்பில் ஒருவர் இப்படி ஒரு வரி எழுதுகிறார் என்று கொள்வோம்:

வித்அவுட்_புளூடூத்=நோ

"புளூடூத் இல்லாமல் ஆக்க வேண்டுமா? வேண்டாம்" என்று தான் பதில் எழுதியிருப்பதாக அவர் நினைக்கிறார். ஆனால் ஆக்கம் முடியும்போது புளூடூத் தொடர்பான நிரல்கள் இருக்கமாட்டா. சமக்குறிக்குப் பின் ஆம் என்று எழுதினாலும் இல்லை என்று எழுதினாலும் ஒன்றுதான். அந்தப் பெயர் கோப்பில் இடம்பெற்றிருக்கிறதா என்பது மட்டுமே பார்க்கப்படுகிறது. கையேட்டுப் பக்கம் இதைத் தெளிவாகவே சொல்கிறது என்றாலும், "அமைப்பு" என்ற சொல்லோடு அந்தப் பக்கத்துக்கு வருபவர் மதிப்பு ஒன்றைக் கொடுத்தாக வேண்டும் என்ற எண்ணத்தோடுதான் வருவார். இதே குடும்பத்து இயங்குதளமான நெட்பிஎஸ்டியில் இது வேறு விதம்: அங்கே "எம்கே" என்று தொடங்கும் மாறிகளுக்கு ஆம், இல்லை என்ற மதிப்பைத் தருவதே முறை, அந்த மதிப்புக்கு முழுப் பொருளும் உண்டு. இரண்டையும் கையாளும் ஒருவருக்கு இந்த வேறுபாட்டை நம் சொற்கள் மறைக்கக்கூடாது.

எனவே மதிப்பு ஏற்கும் பெயர்களை "ஆக்க மாறி" என்றும், இருப்பினாலேயே பொருள் தரும் பெயர்களை "ஆக்கத்தெரிவு" என்றும் பிரிக்கலாம். தொகுப்பிக்குப் (கம்பைலருக்கு) போகும் சிஃபிளாக்ஸ், கணினியின் மையச் செயலகத்தின் வகையைச் சொல்லும் சிபியுடைப் போன்றவை ஆக்க மாறிகள். வித்_, வித்அவுட்_ என்று தொடங்குபவை ஆக்கத்தெரிவுகள். இவை எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டிய இடத்தில் "ஆக்க அமைவு" என்று எழுதலாம்.

"தேர்வு" என்பதை நான் தவிர்ப்பதற்குக் காரணம், தமிழ்நாட்டில் அது முதலில் பள்ளிப் பரீட்சையை நினைவூட்டுகிறது என்பதே. இலங்கைத் தமிழில் பரீட்சை பரீட்சையாகவும் தெரிவு தெரிவாகவும் பிரிந்தே நிற்கின்றன. அந்தப் பிரிவு நமக்கும் பயன்படும். "விருப்பம்" என்பதை மறுப்பதற்குக் காரணம் இன்னும் ஆழமானது. மறையாக்க நிரலகமான ஓப்பன்எஸ்எஸ்எல்லைத் தவிர்க்க வித்அவுட்_ஓப்பன்எஸ்எஸ்எல் என்று எழுதினால், தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் ஓப்பன்எஸ்எஸ்ஹெச்சும் சேர்ந்தே விடுபடுகிறது, ஏனென்றால் முன்னது இல்லாமல் பின்னதை அங்கே ஆக்க இயலாது. தொலைவிலுள்ள கணினியை எஸ்எஸ்ஹெச் வழியாக மட்டுமே அணுகும் ஒருவருக்கு இதன் விளைவு எவ்வளவு கடுமையானது என்று எண்ணிப் பாருங்கள். அவர் ஒன்றைத் தெரிவுசெய்தார். மற்றொன்று அவர் கேளாமலே பின்தொடர்ந்தது. அதை அவருடைய விருப்பம் என்று வழிகாட்டி அழைப்பது தவறு.

இங்கே இன்னொரு சொல்லும் தேவைப்படுகிறது. பயனர் எழுதிய தெரிவுகளையும், எழுதாதவற்றுக்கான இயல்புநிலைகளையும், ஒன்று மற்றொன்றைக் கட்டாயப்படுத்தும் விதிகளையும் சேர்த்துக் கணக்கிட்ட பிறகு, ஒவ்வொரு கூறுக்கும் "எம்கே_" என்று தொடங்கும் உள்மாறி ஒன்றில் ஆம் அல்லது இல்லை என்ற முடிவு பதிவாகிறது. மூலநிரல் அடைவில் நின்று "மேக் ஷோகான்ஃபிக்" என்று கொடுத்தால் இந்த முடிவுகள் வரிசையாகத் திரையில் வரும். இதை "முடிவுநிலை" என்று அழைக்கலாம். தெரிவு, இயல்புநிலை, முடிவுநிலை என்ற மூன்றும் கையில் இருந்தால், "நான் எழுதவே இல்லை, பிறகு எப்படி விடுபட்டது?" என்று கேட்பவருக்கு ஒரே வாக்கியத்தில் பதில் சொல்லிவிடலாம். ஆக்கத்தைத் தொடங்கும் முன் முடிவுநிலையைப் பார்த்துவிடுங்கள் என்ற அறிவுரையும் வழிகாட்டியில் முதல் பக்கத்திலேயே இடம்பெற வேண்டும்.

> வித் என்பதற்குச் "சேர்ப்பு", வித்அவுட் என்பதற்கு "நீக்கம்" என வைத்தால் எளிதாக இருக்குமே.

சேர்ப்பு சரி. நீக்கத்தை ஏற்க முடியவில்லை. வித்அவுட்_ என்று எழுதி ஆக்கி நிறுவிய பின்னும், முன்பு நிறுவப்பட்ட பழைய கோப்புகள் வட்டில் அப்படியே இருக்கும். புதிய ஆக்கத்தில் அவை உருவாகவில்லை, அவ்வளவுதான். யாரும் அவற்றை அழிக்கவில்லை. அவற்றை உண்மையிலேயே நீக்குவது "மேக் டெலீட்-ஓல்டு" என்ற வேறொரு கட்டளை. அதுவும் ஒவ்வொரு கோப்பாகக் கேட்டுத்தான் நீக்குகிறது. பழைய நிரலகங்களுக்கு "டெலீட்-ஓல்டு-லிப்ஸ்" என்று இன்னொரு கட்டளை தனியே உண்டு, ஏனெனில் அவற்றைச் சார்ந்த மென்பொருள்கள் கணினியில் இன்னும் இருக்கலாம். நாம் வித்அவுட்_ என்பதற்கு "நீக்கம்" என்று பெயர் வைத்துவிட்டால், பாதுகாப்புக் காரணத்துக்காக ஒரு நிரல் வேண்டாம் என்று தெரிவுசெய்தவர், அது போய்விட்டது என்று நம்பி இருந்துவிடுவார்; ஆனால் பழைய, இனிப் புதுப்பிக்கப்படாத நிரல் அங்கேயே இருக்கும். ஆகவே "சேர்ப்புத் தெரிவு", "தவிர்ப்புத் தெரிவு" என்று வைத்துக்கொண்டு, "நீக்கம்" என்பதை டெலீட்-ஓல்டுக்கே விட்டுவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். இந்த ஒன்றில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை.

"கஸ்டமைஸ்" என்பதற்கு "தனிப்பயனாக்கு" என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். கைபேசித் திரையின் பின்னணிப் படத்தை மாற்றுவதற்கு அது பொருந்தும். இங்கே நாம் ஓர் இயங்குதளத்தை அது ஓடப்போகும் கணினிக்கும் அங்குள்ள வேலைக்கும் ஏற்றதாக ஆக்குகிறோம். "தகவமை" என்ற வினை போதும் என்று நினைக்கிறேன்: "ஆக்கத்தைத் தகவமைத்தல்".

லினக்ஸ் கெர்னல் பக்கம் இந்தச் சொற்கள் தாங்குகின்றனவா என்றும் பார்த்தேன். அதன் அமைவைத் தெரிவுசெய்யும் மெனுகான்ஃபிக் திரையில் பல கூறுகளுக்கு மூன்று நிலைகள் உண்டு: கெர்னலுக்குள்ளேயே சேர்ப்பது, தேவைப்படும்போது ஏற்றும் கூறகமாக ஆக்குவது, தவிர்ப்பது. சேர்ப்பு, கூறகம், தவிர்ப்பு என்று மூன்றையும் ஆக்கத்தெரிவின் நிலைகளாகச் சொல்லலாம். இந்தத் தெரிவுகள் பதிவாகும் கோப்பில் தவிர்க்கப்பட்ட கூறு, கருத்துரைக் குறியோடு தொடங்கும் "அமைக்கப்படவில்லை" என்ற பொருளுள்ள வரியாக இருக்கும். பார்ப்பதற்கு வெறும் குறிப்புபோல் இருந்தாலும் கருவி அதைப் படித்துத் தவிர்ப்பு என்றே கொள்கிறது. அந்த வரியை அழித்துவிட்டால் தவிர்ப்பும் போய்விடும். அடுத்த முறை கருவி நம்மிடம் கேட்கும், அல்லது இயல்புநிலையை எடுத்துக்கொள்ளும். தவிர்ப்பு என்பதும் எழுதாமல் விடுவது என்பதும் வேறு என்பதற்கு இது நல்ல சான்று. ஜென்டூ என்ற லினக்ஸ் வழங்கலில் கூறுகளைச் சேர்க்கவும் தவிர்க்கவும் உதவும் யூஸ் கொடிகளுக்கும் சேர்ப்பு, தவிர்ப்பு இரண்டும் தடையின்றிப் பொருந்துகின்றன.

எனக்கு இன்னும் தீராதது ஃப்ரீபிஎஸ்டி கெர்னலின் அமைவுக் கோப்பு. உடன்வரும் பொதுவான "ஜெனரிக்" அமைவுக் கோப்பை உள்ளிணைத்து, புதிய பெயர் ஒன்றைக் கொடுத்து, வேண்டாத சாதனங்களை "நோடிவைஸ்" என்று எழுதித் தவிர்க்கும் வரையில் மேற்கண்ட சொற்களே போதும். ஆனால் அங்கே "ஆப்ஷன்ஸ்" என்ற ஒரே திறவுச்சொல்லின் கீழ், பெயர் மட்டும் உள்ள வரிகளும், "ஹெச்இசட்=1000" என்பதுபோல் மதிப்பு ஏற்கும் வரிகளும் கலந்தே வருகின்றன. அவ்விடத்தில் இரண்டாம் வகையை "மதிப்புள்ள தெரிவு" என்று எழுதுவதா, அல்லது கோப்பின் சொல்லைப் பொருட்படுத்தாமல் "ஆக்க மாறி" என்றே எழுதுவதா என்பதில் உங்கள் கருத்து வேண்டும். கெர்னல் அமைவை நாள்தோறும் கையாளும் நண்பர்கள் யாரேனும், தாங்கள் வைத்திருக்கும் கோப்பிலிருந்து பத்து வரிகளை இந்தச் சொற்களால் விளக்கி இங்கே எழுதிக் காட்டினால், எந்தச் சொல் இடறுகிறது என்பது தெரிந்துவிடும். அதைப் பார்த்த பிறகு வழிகாட்டியின் சொற்பட்டியலில் சேர்க்கலாம்.