59 இன்னிங்ஸும் 27 தோல்விகளும்: பிட்சருடையது எவ்வளவு?

நீலத்தொப்பி:
பேஸ்பால் பேச்சு வந்தாலே ஹோம் ரன் கணக்குதான் எல்லோர் வாயிலும் வருகிறது. எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது 1988-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸ் பிட்சர் (பந்து எறிபவர்) ஓரல் ஹெர்ஷைசர் செய்தது. ஆகஸ்ட் 30 முதல் செப்டம்பர் 28 வரை தொடர்ந்து 59 இன்னிங்ஸில் அவர் ஒரு ரன்கூட விடவில்லை (ஓர் ஆட்டத்தில் ஓர் அணிக்கு ஒன்பது இன்னிங்ஸ், இன்னிங்ஸுக்கு மூன்று அவுட்). நடுவில் வரிசையாக ஐந்து ஷட் அவுட்: தொடங்கியவரே கடைசி வரை நின்று முடித்து, எதிரணிக்குப் பூஜ்யம். அதே டாட்ஜர்ஸின் டான் டிரைஸ்டேல் 1968-இல் வைத்த 58-ஐ அப்படித்தான் தாண்டினார். இப்போது ஸ்டார்டர், அதாவது ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர், ஆறு இன்னிங்ஸ் போட்டாலே போதும் என்று புல்பென்னை (மாற்று பிட்சர்களை) எழுப்பிவிடுகிறார்கள். இந்தச் சாதனை இனி உடையாது. பிட்சிங்கில் முழுக்க முழுக்க ஒருவருடைய திறமையால் நின்ற தொடர் இதுதான் என்பது என் வாதம். மறுப்பவர்கள் வாருங்கள்.

பகடை:
"முழுக்க முழுக்க" என்ற சொல்லைத்தான் மறுக்கிறேன். செப்டம்பர் 23, சான் பிரான்சிஸ்கோ, மூன்றாவது இன்னிங்ஸ். முதல் பேஸிலும் மூன்றாவதிலும் ஆள், ஒரு அவுட். தரையோடு போன பந்தை எடுத்து இரண்டாவது பேஸில் ஒரு அவுட் செய்தார்கள். அடுத்த அவுட்டுக்காக முதல் பேஸுக்கு எறிந்தது பலிக்கவில்லை, மூன்றாவதில் இருந்த ஹோசே உரிபே வீடு (பேட்டர் நின்று அடிக்கும் இடம்) சேர்ந்துவிட்டார், அதாவது ஒரு ரன். தொடர் அங்கேயே முடிந்திருக்க வேண்டும். ஆனால் அம்பயர் பால் ரங்கி, முதல் பேஸிலிருந்து ஓடிவந்த பிரெட் பட்லர் தன் பாதையை விட்டு விலகிப் போய் ஃபீல்டரை இடித்தார் என்று சொல்லி அவரையும் பந்தை அடித்தவரையும் அவுட் கொடுத்தார். ரன் கணக்கில் ஏறவில்லை.

டிரைஸ்டேல் கதையும் இதேதான். 1968 மே 31, ஒன்பதாவது இன்னிங்ஸ், மூன்று பேஸிலும் ஆள், ஒரு அவுட்கூட இல்லை. எதிரணி பேட்டர் டிக் டீட்ஸ் மேல் பந்து பட்டுவிட்டது. விதிப்படி அவர் முதல் பேஸுக்குப் போவார், மூன்றாவதில் இருப்பவர் வீட்டுக்கு வருவார், ஒரு ரன். அம்பயர் ஹாரி வெண்டல்ஸ்டெட், டீட்ஸ் விலக முயலவே இல்லை என்று அதை வெறும் 'பால்' (கணக்கில் சேரும் தவறான எறி) ஆக்கிவிட்டார். டீட்ஸ் மறுபடி ஆடி, கிட்டத்திலேயே கேட்ச் கொடுத்தார். அடுத்த இருவரும் அவுட். இரண்டு பெரிய தொடர்கள், இரண்டிலும் எதிரணி அதே சான் பிரான்சிஸ்கோ ஜயண்ட்ஸ், இரண்டையும் பிழைக்க வைத்தது ஓர் அம்பயரின் சொல்.

நீலத்தொப்பி:
அம்பயர் பேச்சு நியாயம்தான், நான் மறைக்கவில்லை. ஆனால் வெண்டல்ஸ்டெட் தீர்ப்புக்குப் பிறகு நிலைமை என்ன? மூன்று பேஸிலும் ஆள் இருக்க, அவுட் இல்லாமல், மூன்று பேரை ரன் இல்லாமல் அனுப்ப வேண்டும். அதைச் செய்தது டிரைஸ்டேல். அம்பயர் கதவைத் திறந்துதான் விட்டார், உள்ளே நடந்தது பிட்சர்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அடுத்து அதுதான் வரும். டாட்ஜர் ஸ்டேடியம் பிட்சர்களுக்கு ஏற்ற மைதானம் என்பார்கள். ஹெர்ஷைசரின் 59-இல் சொந்த மைதானத்தில் போட்டது 18 மட்டுமே. மான்ட்ரியலில் 4, அட்லாண்டாவில் 9, ஹூஸ்டனில் 9, சான் பிரான்சிஸ்கோவில் 9, சான் டியாகோவில் 10. மொத்தம் 41 வெளியூரில்.

பகடை:
மைதானக் கணக்கில் நீங்கள் சொல்வது சரி, அதை நான் எடுக்கவில்லை. டிரைஸ்டேலுக்கு வேண்டுமானால் காலம் உதவியது. 1968-இல் மவுண்ட் (பிட்சர் நின்று எறியும் மேடு) 15 அங்குல உயரம், பேட்டர்கள் தவித்ததைப் பார்த்து மறு வருடமே 10 அங்குலமாகக் குறைத்தார்கள்.

என் கணக்கு வேறு. மிக நல்ல பிட்சர் ஓர் இன்னிங்ஸை ரன் இல்லாமல் முடிக்க 85 சதவீத வாய்ப்பு என்று வைப்போம். ஒவ்வொரு இன்னிங்ஸும் தனித்தனி என்றால், தொடர்ந்து 59 முறை அப்படி நடக்க ஏறக்குறைய 14,600-இல் ஒரு வாய்ப்பு. கேட்க மலைப்பாக இருக்கும். ஆனால் நூறு வருடத்துக்கு மேலாக, வருடத்துக்கு எத்தனை ஸ்டார்டர்கள், ஒவ்வொருவருக்கும் எத்தனை தொடக்கப் புள்ளிகள்! யாராவது ஒருவருக்கு விழுந்தே தீரும். விழுந்தவர் பெயரை நாம் கல்லில் வெட்டுகிறோம்.

நீலத்தொப்பி:
உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்கிறேன். 85-ஐ 90 ஆக்கினால் 500-இல் ஒன்று. 80 ஆக்கினால் ஐந்து லட்சத்தில் ஒன்று. ஐந்து சதவீதம் கூடினாலும் குறைந்தாலும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். அப்படியானால் இந்தச் சீட்டு சராசரி ஆளுக்கு விழவே விழாது. விழுந்தவர்களைப் பாருங்கள்: வால்டர் ஜான்சன் 1913-இல் 55, பாப் கிப்ஸன் 1968-இல் 47, கிரெய்ங்கி 2015-இல் 45, கெர்ஷா 2014-இல் 41. ஒருவர்கூட சாதாரண ஆள் இல்லை. வெறும் பகடை என்றால், ஊர் பேர் தெரியாத ஒருவராவது இந்தப் பட்டியலில் மேலே இருக்க வேண்டாமா?

ஷே_வாசி:
நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். நான் நியூயார்க் மெட்ஸ் ரசிகை. நீங்கள் இருவரும் நல்ல தொடர்களையே பேசுகிறீர்கள். எங்கள் பிட்சர் அந்தோணி யங்கை யாரும் நினைக்கவில்லை.

ஒவ்வோர் ஆட்டத்தின் வெற்றியும் தோல்வியும் அணிக்கு ஒரு பிட்சர் பெயரில் எழுதப்படும். 1992 மே 6 முதல் 1993 ஜூலை 24 வரை அவர் பெயரில் தொடர்ந்து 27 தோல்விகள். அதில் 14 ஸ்டார்டராக, 13 ரிலீவராக (நடுவில் வரும் மாற்று பிட்சராக). அதற்கு முந்தைய சாதனை கிளிஃப் கர்ட்டிஸின் 23, அது 1910-11-இல். யங் மோசமான பிட்சரா? 1993-இல் அவருடைய ஈ.ஆர்.ஏ. 3.77, அதாவது ஒன்பது இன்னிங்ஸுக்கு அவர் பொறுப்பில் அவ்வளவு ரன்தான். லீக் சராசரியைவிட நல்ல எண் அது. அந்த வருடக் கணக்கோ ஒரு வெற்றி, 16 தோல்வி! இந்த 27-க்கு நடுவிலேயே, ஜான் பிராங்கோ காயத்தில் இருந்தபோது ஆட்டத்தை முடித்துக் கொடுக்கும் வேலையை இவரிடம் தந்தார்கள். அப்போது 23 இன்னிங்ஸுக்கு மேல் தொடர்ந்து ரன் விடவில்லை. மக்கள் அவருக்கு அதிர்ஷ்டம் வர நாலிலை குளோவரும் முயல்காலும் தபாலில் அனுப்பினார்கள்.

பகடை, உங்கள் வழியிலேயே நானும் போட்டுப் பார்த்தேன். மோசமான அணியில் ஒரு முடிவு தோல்வியாக 70 சதவீத வாய்ப்பு என்றால், 27 முறை தொடர்ந்து தோற்க சுமார் 15,200-இல் ஒன்று. ஹெர்ஷைசருக்கு வந்த அதே எண்தான் கிட்டத்தட்ட! அவருக்கு அந்த வருடத்தின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது, உலகத் தொடரின் சிறந்த வீரர் பட்டம். இவர் பெயரைச் சொன்னால் இன்றும் தோல்வி என்ற சொல்தான் கூட வருகிறது. எனக்கு அது தாங்கவில்லை.

நீலத்தொப்பி:
அக்கா, யங் விஷயத்தில் உங்களோடு முழுசாக நிற்கிறேன். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. ரன் விடாமல் இருப்பதில் பிட்சரும் பின்னால் நிற்கும் ஃபீல்டர்களும் மட்டும். வெற்றி தோல்வியில் தன் அணி எத்தனை ரன் அடித்தது என்பதும் சேர்ந்துவிடுகிறது. 2018-இல் உங்கள் மெட்ஸின் ஜேக்கப் டிகிராம் தொடர்ந்து 29 ஆட்டங்களில் மூன்று ரன்னுக்கு மேல் விடவில்லை, ஈ.ஆர்.ஏ. 1.70. வெற்றி பத்தே பத்து. நல்ல வேளை, சை யங் ஓட்டுப் போட்டவர்கள் 10 வெற்றியைப் பார்க்கவில்லை, 1.70-ஐப் பார்த்தார்கள்.

பகடை:
"தன் அணி எத்தனை ரன் அடித்தது" என்றீர்கள், அங்கேதான் உங்கள் ஹெர்ஷைசரும் வருகிறார். செப்டம்பர் 28, சான் டியாகோ. ஒன்பது இன்னிங்ஸ் முடிந்தபோது அவர் 58-இல் நிற்கிறார், டிரைஸ்டேலுக்குச் சமம். டாட்ஜர்ஸ் ஒரே ஒரு ரன் அடித்திருந்தால் ஆட்டம் அங்கேயே முடிந்திருக்கும், அந்த வருடத்துக்கு 58-தான். அடிக்கவில்லை. எதிரில் ஆண்டி ஹாக்கின்ஸும் பத்து இன்னிங்ஸ் பூஜ்யமாகப் போட்டார். 59 என்ற எண்ணே டாட்ஜர்ஸ் பேட்டர்கள் சொதப்பியதால் கிடைத்தது.

நீலத்தொப்பி:
வாய்ப்பு அப்படி வந்தது, ஒப்புக்கொள்கிறேன். முழுக்க முழுக்க என்றதையும் திரும்பப் பெறுகிறேன். ஆனால் அந்தப் பத்தாவது இன்னிங்ஸைப் பாருங்கள். முதல் ஆள் ஸ்ட்ரைக் அவுட், ஆனால் பந்து கேட்சரைத் தாண்டிப் போனதால் பேஸ் ஏறிவிட்டார். பிறகு மெல்ல மூன்றாவது பேஸ் வரைக்கும் வந்துவிட்டார். அடுத்து ஒரு நல்ல அடி விழுந்தாலே ரன். கடைசிப் பேட்டர் அடித்தது வலது பக்கம் உயரே போய் கேட்ச் ஆனது. டிரைஸ்டேல் அன்றைக்கு டாட்ஜர்ஸ் வர்ணனையாளராக அதே மைதானத்தில் இருந்தார். ஹெர்ஷைசருக்கு 58-லேயே சமமாக நிற்கத்தான் ஆசை, மேனேஜர் லசோர்டாவும் பிட்சிங் கோச்சும்தான் போடச் சொல்லி அனுப்பினார்கள். இப்படிப்பட்ட மனிதரை வெறும் சீட்டுக் குலுக்கலில் என்னால் சேர்க்க முடியாது.

பகடை:
அந்த மனிதரை நானும் மதிக்கிறேன். 59-ஐ மட்டும் அவருடைய உயரம் என்று எடுக்கமாட்டேன். அவரை அளக்க அந்த வருடத்தின் 267 இன்னிங்ஸும் 2.26 ஈ.ஆர்.ஏ.வும் போதும்.

ஷே_வாசி:
அப்படியானால் யங்குக்கும் அதே தராசு வையுங்கள், 27-ஐ விட்டுவிட்டு 3.77-ஐப் பாருங்கள். அவருடைய தொடர் முடிந்த 1993 ஜூலை 28 ஆட்டத்தைச் சொல்கிறேன். ஷே ஸ்டேடியத்தில் புளோரிடா மார்லின்ஸுடன். ஒன்பதாவதில் அவர் வந்தபோது 3-3. அவர் போட்டுக்கொண்டிருக்கும்போதே மார்லின்ஸ் ஒரு ரன் எடுத்து முன்னே போய்விட்டது, 28-ஆவது தோல்வி எழுதத் தயாராக இருந்தது. அடுத்த பாதியில் மெட்ஸ் இரண்டு ரன் அடித்தது, கடைசி அடி எட்டி மர்ரேயின் டபுள் (இரண்டாவது பேஸ் வரை ஓடவைக்கும் அடி). 5-4. யங் பெஞ்சில் இருந்தார், வெற்றி அவர் பெயரில் ஏறியது.