கண்ணை மேலே தூக்கினால் ‘ஆமாம்’

போன வருடம் அக்காவுக்குக் குடலிறக்க ஆபரேஷன் நடந்தது. மூன்று மாதத்துக்குக் கனமாக எதையும் தூக்கக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அக்கா தினமும் தூக்குகிற கனம் அரிசி மூட்டையோ கேஸ் சிலிண்டரோ இல்லை, அவள் மகன்தான். வயது 15, எடை 34 கிலோ. கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு, அங்கிருந்து பாத்ரூமுக்கு, திரும்பக் கட்டிலுக்கு என்று ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை தூக்க வேண்டும். அதனால் நான் திருச்சிக்குப் போய் மூன்று வாரம் இருந்தேன். அங்கே நடந்ததில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். அதில் தப்பு என்னுடையது.

அவனுக்குச் செரிப்ரல் பால்சி. பிறக்கும்போது மூச்சுத் திணறி, அசைவுகளை ஒழுங்குபடுத்துகிற மூளைப் பகுதி அடிபட்டுவிட்டது. கையை நீட்ட நினைத்த உடனே வேண்டாத தசையெல்லாம் சேர்ந்து இழுக்கும். தலை இடது பக்கம் திரும்பினால் இடது கை தானாக நீளும். கோபம் வந்தாலும் சிரிப்பு வந்தாலும் உடம்பு வில்லாக விறைக்கும். தூங்கிவிட்டால் எல்லாம் அடங்கிவிடும். தெரியாதவர்கள் வலிப்பு என்று பயந்து இரும்புச் சாவியைத் தேடுவார்கள். புத்தியில் ஒரு குறையும் இல்லை. காதோ ரொம்பக் கூர்மை. இதெல்லாம் எனக்குப் பதினைந்து வருடமாகத் தெரியும். தெரிந்து என்ன செய்ய?

பேச்சு வராது. கண்ணை மேலே தூக்கினால் ஆமாம், இறுக மூடினால் இல்லை. அதற்கு மேல் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் ஒரு அட்டை இருக்கிறது. படத்தைத் தொட்டால் பேசுகிற டேப்லெட்டும் வாங்கினார்கள், ஆனால் இவன் விரல் நினைத்த இடத்துக்குப் போய்ச் சேராது. அட்டையில் இருப்பது நாம் ஒன்றாம் வகுப்பில் படித்த அதே எழுத்து வரிசைதான். முதலில் ‘உயிரா, உயிர்மெய்யா, வெறும் மெய்யா?’ என்று கேட்க வேண்டும். உயிர்மெய் என்றால் க, ங, ச என்று விரலை இறக்கிக்கொண்டே வர வேண்டும், கண் மேலே போகும் இடத்தில் நிறுத்த வேண்டும். பிறகு அந்த வரிசையில் குறுக்காக க, கா, கி, கீ. ஒரு வார்த்தைக்கு இரண்டு நிமிடம் ஆகலாம், ஐந்தும் ஆகலாம். இதில் கெட்டிக்காரி அவன் தங்கை. வயது 12. பாதி எழுத்திலேயே கண்டுபிடித்துவிடுவாள். சில சமயம் வேண்டுமென்றே தப்பாக முடிப்பாள். அவன் ‘தோ’ என்று ஆரம்பித்தால், “தோத்துட்டேன்னு ஒத்துக்கிறியா?” என்பாள். அவனுக்கு வேண்டியது தோசை.

முதல் நாள் சித்தி நான்தான் குளிப்பாட்டப் போனேன். உடம்பு விறைத்துக்கொண்டது, கண் இறுக மூடிக்கொண்டது. அப்போதுதான் கவனித்தேன், மேலுதட்டில் மீசை அரும்பியிருந்தது. சின்ன வயதில் நான் குளிப்பாட்டியிருக்கிறேன்தான், அது இப்போது செல்லுமா? மாமா வேலை முடிந்து வர ராத்திரி ஒன்பது ஆகும். அதுவரை காத்திருந்து அவர் கையால்தான் குளித்தான். தினமும்.

நாலாம் நாள் மதுரையிலிருந்து பெரியம்மா போன் செய்தார்கள். ஹாலில் நின்றபடியே பேசினேன். “இவனைத் தூக்கித் தூக்கித்தான் பெரியம்மா அவ வயிறு இப்படி ஆயிடுச்சு. இவன் இன்னும் வளர்ந்தா என்ன பண்ணப் போறாளோ.” அவன் இரண்டு எட்டு தள்ளி நாற்காலியில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்று ராத்திரி சரியாகச் சாப்பிடவில்லை. அவனுக்கு ஊட்டுவதே ஒரு கலை. நேராக உட்காரவைத்து, முகவாய் கொஞ்சம் கீழே இருக்கும்படி பார்த்து, ஸ்பூனைக் கீழிருந்து கொண்டுபோக வேண்டும். தலை பின்னால் சாய்ந்தால் சாப்பாடு மூச்சுக்குழாய்க்குள் போய்விடும், அது நுரையீரல் வரை போனால் ஆஸ்பத்திரிதான். ஒரு வேளைக்கு முக்கால் மணி நேரம் ஆகும். எனக்குத்தான் ஊட்டத் தெரியவில்லை என்று நினைத்தேன். மறுநாள் பாதி இட்லி. அதற்கு அடுத்த நாள் வாயே திறக்கவில்லை. பல்வலியோ, மலச்சிக்கலோ என்று நாங்கள் ஆளுக்கு ஒன்று சொன்னோம். “அம்மா இல்லாத ஏக்கம், வந்தா சரியாயிடும்” என்றார் மாமா.

அக்கா டிஸ்சார்ஜ் ஆகி வந்தாள். அப்போதும் சாப்பிடவில்லை.

“வயிறு வலிக்குதாடா?” என்று கேட்டாள். கண் மேலே போனது. அக்கா ஒன்றும் சொல்லாமல் எழுந்து வந்து சமையலறையில் என்னிடம் மெதுவாகச் சொன்னாள்: “பொய் சொல்றான். நெஜமா இருந்தா கண்ணு கொஞ்ச நேரம் மேலயே நிக்கும். பொய்னா உடனே எறங்கிடும். என்கிட்ட சொல்ல மாட்டான், நீ கேட்டுப் பாரு.”

அக்கா தூங்கின பிறகு அட்டையை எடுத்தேன். உயிர். அ, ஆ, இ... எ. சரி. அடுத்தது உயிர்மெய். க, ங, ச, ஞ, ட. ட வரிசை. ட, டா, டி, டீ, டு... “எடு! எதை எடுக்கணும்? தண்ணியா?” கண்ணை இறுக மூடினான். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். மறுபடி ‘எடு’. மறுபடி மூடினான். விறைப்பில் கால் இரண்டும் நாற்காலிப் பலகையை உதைத்தன.

“சித்தி, அவன் முடிக்கட்டும். நீங்களே முடிக்காதீங்க” என்று தங்கை அட்டையை வாங்கிக்கொண்டாள். டு, டூ, டெ, டே, டை.

எடை.

எனக்கு அப்போதும் விளங்கவில்லை. அவளுக்கு விளங்கிவிட்டது. “அம்மா உன்னைத் தூக்கணும்னு எடையைக் குறைக்கிறியா?” கண் மேலே போனது, அங்கேயே நின்றது. பெரியம்மாவிடம் நான் பேசிய ஒவ்வொரு வார்த்தையும் அந்த நிமிடம் என் காதில் திரும்ப ஒலித்தது.

நான் அழ ஆரம்பித்தேன். அவள் அழவில்லை. “லூசு. அம்மா ஒருத்தியே தூக்குறா. பட்டினி கெடந்து நீ செத்துப்போனா தூக்க நாலு பேரு வேணும்டா.” எனக்குப் பகீரென்றது. அவனோ சிரித்தான். சிரிப்பில் உடம்பு வில்லாகி, இடது கை பறந்து, டம்ளர் போய்ச் சுவரில் மோதி விழுந்தது. சத்தத்தில் அக்கா விழித்துவிட்டாளோ என்று மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம்.

அப்புறம் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். குடலிறக்கத்துக்கு எத்தனையோ காரணம் உண்டு, சித்தி வாய்க்கு வந்ததைப் பேசிவிட்டேன் என்றேன். இடுப்பையும் முழங்காலையும் மடக்கிப் பந்து மாதிரி சேர்த்துப் பிடித்தால் விறைப்பு விட்டுவிடும், அப்படித் தூக்கினால் பாதிக் கஷ்டம் இல்லை என்று பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்ததையும் சொன்னேன். என்னென்னவோ சொன்னேன். அட்டைக்குக் கண் காட்டினான். ச, ரி. பிறகு போ. ‘சரி போ.’ பதினைந்து வயதுப் பையன் வேறென்ன சொல்வான்?

பிறகு இன்னும் ஒன்று. அ, ம்... “அம்மாகிட்ட சொல்லாதேன்னு சொல்றே, அதானே?” என்றாள் தங்கை. ஆமாம்.

சொல்லவில்லை. இன்றுவரை நான் சொல்லவில்லை.

மறுநாள் காலை இட்லியைச் சாம்பாரில் மசித்து ஊட்டிக்கொண்டிருந்தேன். மூன்றாவது இட்லி. வயிற்றைப் பிடித்தபடி அக்கா மெதுவாக நடந்து வந்து வாசற்படியில் சாய்ந்து நின்றாள். ராத்திரி விழுந்த டம்ளரை யார் எடுத்து வைத்தது என்று கேட்கவில்லை. “என்னடா, வயித்து வலி போச்சா?” என்று மட்டும் கேட்டாள்.

கண் மேலே போனது. உடனே இறங்கியது.

“சரி, சாப்பிடு” என்றாள்.